கை காட்டாத பள்ளம்

எனக்கு முன்கோபம் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி சொல்லப்போவது எல்லாம் அதில் போய்த்தான் முட்டும். கோபம் வந்தால் என் வீட்டுக்காரரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் இருப்பது புத்தூரில். அவருக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. எனக்கு உள்ளூரிலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இருவருக்கும் சொந்த ஊர் ஊத்துக்கோட்டைப் பக்கம். எல்லை தாண்டி ஆந்திராவுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. புத்தூர் என்றாலே எல்லாருக்கும் எலும்பு முறிவுக் கட்டுதான் ஞாபகம் வரும். கை கால் ஒடிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்குவதைக் காலையில் பால் வாங்கப் போகும்போதே பார்க்கலாம். சைக்கிள் ஓட்ட ஆரம்பித்த புதிதில் அவர் அடிக்கடி சொல்வார், "வுழுந்து கால ஒடச்சிக்கணும்னா இத்த வுட நல்ல ஊரு கெடைக்காதும்மே." நானும் சிரித்திருக்கிறேன்.

அவருக்குச் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று தெரிந்ததும் வாங்கியது முதல் சைக்கிள். மெல்லிய டயர், வளைந்த ஹேண்டில், கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. இது என்ன கூத்து என்று ஆறு மாசம் திட்டினேன். ஏழாவது மாசம் எனக்கும் ஒன்று வாங்கச் சொன்னேன். எங்கள் தெருப் பெண்கள் வாய்மேல் கை வைத்தார்கள். எதிர்வீட்டு அம்மா, "இந்த வயசுல இதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். "உன் வயசு வர்றதுக்குள்ள ஓட்டிப் பாத்துடலாம்னுதான்க்கா" என்றேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாராயணவனம் வழியாக நாகலாபுரம் போய்வருவோம். முன்னால் அவர், பின்னால் நான். சைக்கிள் ஓட்டாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டே போனால் எதிர்க்காற்று நம்மை அறையாது. பாதி பலத்தில் அதே வேகம் போகலாம். ஆனால் அப்படிப் போகும்போது ரோடு தெரியாது. முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். அதனால் ரோட்டைப் பார்த்துச் சொல்வது முன்னால் இருப்பவர் வேலை. வாயால் சொன்னால் காற்றில் போய்விடும், கையால் சொல்ல வேண்டும். இடது பக்கம் பள்ளம் என்றால் இடது கையைக் கீழே இறக்கி விரலால் காட்ட வேண்டும். ஜல்லி கிடந்தால் விரல்களை உதற வேண்டும். கை காட்டாவிட்டால் ரோடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் அதை நம்பித்தான் மிதிக்கிறார்.

நான்கு வருஷம் அவர் கை காட்டினார், நான் நம்பினேன். ஒரு தடவைகூட அந்தக் கை தவறியதில்லை. வீட்டில் எத்தனையோ விஷயத்தில் அவரைக் குறை சொல்லியிருக்கிறேன், இதில் சொல்ல முடியாது.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடலில் காற்றழுத்தம் என்று இரண்டு நாளாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடியும்போது மழை விட்டிருந்தது, கிளம்பிவிட்டோம். நாகலாபுரத்தில் டீக்கடையில் நிற்கும்போது மறுபடி தூறல். திருப்பதியிலிருந்து வந்த மூன்று பேர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு அங்கே நின்றிருந்தார்கள். பேச்சு தெலுங்கும் தமிழுமாக ஓடியது. அவர்களில் ஒருவர், உங்கள் இரண்டு பேரில் யார் முன்னால் போவீர்கள் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார், "நான்தான். இவங்க முன்னால போனா நான் பின்னால ஒரு தூக்கம் போட்டு எழுந்துக்குவேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. தெருவின் வாயையும் என் மாமியாரின் வாயையும் தாண்டி, முட்டி தேய்ந்து, நான்கு வருஷம் ஓட்டியவளுக்கு இதுதான் மரியாதையா என்று இருந்தது. இப்போது நினைத்தால் அது ஒரு பேச்சே இல்லை. அவர் யாரைத்தான் கிண்டல் பண்ணவில்லை?

கிளம்பும்போது, "யோவ், நான் முன்னால போறேன். நீ தூங்கிக்கினே வா" என்றேன்.

அவர் சிரித்தார். பின்னால் வந்தார்.

வெறி பிடித்த மாதிரி மிதித்தேன். மழை வலுத்தது. எதிர்க்காற்றில் தண்ணீர் கண்ணில் குத்தியது. மட்கார்டு இல்லாததால் என் பின்சக்கரம் வாரி இறைத்த சேறெல்லாம் அவர் முகத்தில்தான் அடித்திருக்கும். நன்றாக அடிக்கட்டும் என்று இருந்தது. நாராயணவனத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு வாய்க்கால் பாலம் வரும், சின்னது. அதைத் தாண்டியதும் இடது ஓரத்தில் ஒரு பள்ளம் இருப்பது எனக்குத் தெரியும். முந்தின இரண்டு ஞாயிறும் அவர் எனக்குக் காட்டிய பள்ளம்தான். அன்றைக்கு அதில் தண்ணீர் நிறைந்து ரோட்டோடு ரோடாக இருந்தது. நான் பார்த்தேன். ஹேண்டிலை ஒரு நூல் வலப்பக்கம் ஒடித்துத் தாண்டிவிட்டேன்.

கையை இறக்கவில்லை.

ஈரத்தில் பிரேக்கிலிருந்து கையை எடுத்தால் வழுக்கிவிடும் என்று பயந்தேன், அதனால்தான் காட்டவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தூங்கிக்கொண்டு வருகிறவர்தானே, கொஞ்சம் குலுங்கி முழித்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். குலுங்கட்டும் என்றுதான் நினைத்தேன். விழட்டும் என்று நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை.

சத்தம் கேட்டுத் திரும்பினால் அவர் தண்ணீரில் ஒருக்களித்துக் கிடந்தார். இடது கால் வெளிப்பக்கமாகத் திரும்பியிருந்தது, ஒரு மனிதனுக்குக் கால் திரும்பக்கூடாத பக்கம். ஓடிப்போய்த் தலையைப் பிடித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "சைக்கிள் இன்னா ஆச்சி?" எதிரே வந்த பால் வேன்காரர் இறங்கி ஓடிவந்து, "கதலொத்து அன்னா, கதலொத்து" என்று அவரை அசையவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டார். கேன்களை ஒதுக்கி அவரைப் படுக்கவைத்தோம். மழை கொட்டியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், எப்போதும் காட்டுகிற அந்த இடது கையை.

கட்டுப் போடுகிற இடத்தில் காலைப் பார்த்ததுமே, இது கட்டுக்கு அடங்காது, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாடெங்கும் எலும்புக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு நாங்கள் வெளியூருக்குப் போனோம். தொடை எலும்பு இடுப்பில் சேருகிற இடத்தில் முறிவு. திருகாணி வைத்தார்கள். அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு சேருவது சந்தேகம்தான், பார்க்கலாம் என்றார் டாக்டர்.

மூன்று மாசம் படுக்கை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் கொண்டுவந்தார்கள். மழையைத் திட்டினார்கள், ரோடு போட்டவனைத் திட்டினார்கள். "ஒரு பள்ளத்த மூட நாதியில்லையே" என்று நானும் சேர்ந்து திட்டினேன், வாய் கூசாமல். என்னை ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதிர்வீட்டு அம்மா, என் மாமியார், யாருமே சொல்லவில்லை. ராத்திரி பகலாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று புகழ்ந்தார்கள். எனக்கு உடம்பு கூசியது.

அவர் சைக்கிளைச் சரிசெய்து சுவரோரம் நிறுத்தியிருந்தேன். ஞாயிறு தோறும் படுக்கையிலிருந்தே ஞாபகப்படுத்துவார், "காத்து அடிச்சி வையிம்மே. எறங்கியே கெடந்தா டயர் வெடிச்சிப்பூடும்." நான் பம்ப் அடிப்பேன், அவர் எண்ணிக்கொண்டே பார்ப்பார். என்னைப் பார்த்து, "நீயாச்சும் ஒரு ரவுண்டு போய்க்கினு வாயேன்" என்பார். முதுகு வலி என்று ஏதாவது சொல்லித் தட்டிக்கழிப்பேன்.

பொங்கல் முடிந்து ஒரு நாள் அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தானாகவே பேசினார். "அன்னிக்குத் தண்ணி நிக்கறத நானும் பாத்தேன். பள்ளம் இங்கதானோன்னு ஒரு டவுட்டு வந்திச்சி. நீ கை காட்டல. சரி, அது இன்னும் தள்ளி கீது போலன்னு வுட்டுட்டேன்."

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொல்கிற குரல்தான். தன் கண் சொன்னதைத் தள்ளிவிட்டு என் கையை நம்பியிருக்கிறார். சொம்பு கையிலேயே நின்றுவிட்டது. "இன்னாம்மா, தண்ணி ஊத்து, குளுருது" என்றார். ஊற்றினேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, அடுத்த சொம்பை மொண்டு ஊற்றினேன்.

அடுத்த மாசம் எக்ஸ்ரே பார்த்துவிட்டு டாக்டர் நடக்கலாம் என்றார். கால் கொஞ்சம் குட்டையாகத்தான் இருக்கும், கைத்தடி எப்போதும் வேண்டும். "சைக்கிள் ஓட்டலாமா சார்?" என்று அவர் கேட்டார். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "ஓட்டலாம், ஆனா கீழ விழவே கூடாது" என்றார். ஆட்டோவில் வரும்போது இவர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை காற்று அடிக்கச் சொல்லவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் சொல்லவில்லை.

முதல் முதலாகத் தெருவில் நடந்த நாள். வலது கையில் தடி, அவர் முன்னால், தாங்கிப் பிடிக்க நான் இரண்டடி பின்னால். எங்கள் தெருவில் சாக்கடை மூடியாகப் போட்ட கல்பலகைகளில் பாதி உடைந்து கிடக்கும். முதல் உடைசல் வந்தது. அவர் ஒதுங்கினார். ஒதுங்கும்போதே அவருடைய இடது கை கீழே இறங்கி, விரலை நீட்டி, பின்னால் வருகிற எனக்கு அந்த ஓட்டையைக் காட்டியது. அவர் நினைத்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

நான் நின்றுவிட்டேன்.

"இன்னாங்க" என்றேன். நின்றார். "அன்னிக்குப் பள்ளத்த நான் பாத்தேன். வேணும்னுதான் கை காட்டல."

அவர் மெதுவாகத் திரும்பினார். தடியை ஊன்றித் திரும்ப அவருக்கு நேரம் பிடித்தது.

"தூங்குவேன்னு சொன்னதுக்கா?"

"ஆமா. குலுங்கட்டும்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வராதா என்று என் வாழ்நாளில் முதல் தடவையாக ஏங்கினேன். என்னைப் பார்க்காமல் தன் செருப்பையும் குட்டைக் காலையும் பார்த்தபடி நின்றார். அப்புறம் ஓரமாக நகர்ந்து எனக்கு வழிவிட்டார்.

"நீ முன்னால போ" என்றார். "கை காட்டிக்கினே போ. நான் வரேன்."

போனேன். உடைந்த பலகை, சரிந்த பலகை, கொட்டிக் கிடந்த ஜல்லி, மாட்டுச் சாணம், ஒன்று விடாமல் காட்டினேன். கண்ணில் தண்ணீர் மறைத்தபோது நின்று துடைத்துக்கொண்டு காட்டினேன். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, இவளுக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்தாள். திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தெரு முனை வரைக்கும் பின்னால் தடியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நான் காட்டிய இடங்களில் எல்லாம் கொஞ்சம் விலகி.