அடக்கிப் பழகியவர்

அவர் கட்டட வேலையில் கிரேன் ஓட்டினார். உச்சியிலுள்ள கூண்டிலிருந்து இறங்கி ஏறுவதற்குள் கீழே எல்லா வேலையும் நின்றுவிடும் என்பதால், மூத்திரத்தை அடக்கியே பழகிவிட்டார். "அண்ணனுக்கு வயித்துக்குள்ள தண்ணித் தொட்டியே இருக்கு" என்று கூட்டாளிகள் சிரிப்பார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

வயதானதும் ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திர வழியை அடைத்தது. எவ்வளவு முக்கினாலும் முழுசாகப் போகாமல், சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. கறுப்புப் பேன்ட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டாரே தவிர, யாரிடமும் மூச்சுவிடவில்லை. முகம் வீங்கி, சாப்பாடு இறங்காமல் போனபோதுதான் மனைவி ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தாள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். "ரெண்டு கிட்னியிலேருந்தும் மெல்லிசா ஒவ்வொரு குழாய் இந்த மூத்திரப் பைக்கு இறங்குது. பை நிறைஞ்சே கிடந்தா, மேலேருந்து வர்றது எங்க போகும்? குழாய் ரெண்டும் உப்பி, கிட்னியும் கெட்டுப்போச்சு."

"சரியாகிடுமா?" என்றாள் மனைவி.

"தேங்கினதை எடுத்துடலாம். ஆனா கிட்னி பழையபடி ஆகாதுங்க. இனி டயாலிசிஸ்தான்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மனைவி அழுதாள்.

"இதைப் போய் எப்படிச் சொல்றது?" என்றவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். அவள் முதுகைத் தடவினாள். அவர் திரும்பவே இல்லை.