பாதி மேடம்

“நாலு பக்கமா? ரெண்டு பக்கத்துல சொல்ல முடியாத விஷயம்னு உலகத்துல ஒண்ணு இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் கோப்பின் பின்பாதியைப் புரட்டாமல் மூடிவிட்டார். எதிரே நின்ற வழுக்கைத்தலை எழுத்தர் மூடிய கோப்பைக் கையில் வாங்கிக்கொண்டார். வாதாடிப் பயனில்லை என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும். மாநில நிதித்துறையில் சிறைச்சாலையும் நீதிமன்றமும் அடுத்த ஆண்டுக்கு எது வேண்டுமென்று கேட்டாலும் அது முதலில் வந்து விழுவது இந்த அம்மாளின் மேஜையில்தான். பச்சை மைப் பேனாவை எடுப்பார், பாதியாக்குவார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் ‘பாதி மேடம்’ என்று கேட்டால்தான் வாசல் காவலாளி அறையைக் காட்டுவார்.

ஆள் சிடுமூஞ்சி என்று நினைத்துவிடாதீர்கள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற ரகம். “கைதிங்களுக்குப் போர்வையா? கண்டிப்பா வேணுமே! பாவம், குளிருமில்ல? பாதி வாங்கிக்கோங்க” என்று சிரித்தபடியே சொல்லி அனுப்புவார். வந்த அதிகாரிக்கும் வருத்தம் இருக்காது. அவர்தான் தேவையைப்போல இரண்டு மடங்கு எழுதிக்கொண்டு வந்திருக்கிறாரே! ஏற்றிக் கேட்பதும் இறக்கிக் கொடுப்பதும் அங்கே வருஷா வருஷம் நடக்கிற கூத்து. எதிராளியை ஏமாற்றிவிட்டோம் என்ற திருப்தியோடு இரண்டு தரப்பும் வீட்டுக்குப் போகும்.

வீட்டிலும் இதே கதைதான். தோழி வீட்டில் ஒரு மணி நேரம் இருக்க ஆசைப்பட்டால் மகள் இரண்டு மணி நேரத்தில் பேச்சைத் தொடங்குவாள். “உங்கம்மாகிட்ட உண்மையைச் சொன்னா நஷ்டம் நமக்குத்தான்” என்று அவளுக்குப் பாடம் எடுத்தவர் அப்பா. பல் வைத்தியர், வலிக்காமல் காரியம் சாதிக்கத் தெரிந்தவர். போன மாதம் அவர், “தம்பி ரெண்டு வாரம் தங்கப்போறானாம்மா” என்று மெல்லச் சொன்னார். “ரெண்டு வாரமா! ஒரு வாரம் இருக்கச் சொல்லுங்க, போதும்” என்றார் இவர். கொழுந்தனார் ஒரு வாரத்துக்குத்தான் பயணச்சீட்டே எடுத்திருந்தார். இவருக்கு இன்றுவரை அது தெரியாது.

இப்படித் தெளிந்த நீரோடையாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் இந்த வருஷம் ஒரு மனிதர் வந்து சேர்ந்தார். சிறைக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கண்காணிப்பாளர். கைதிகளை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போக மேலும் இரண்டு வண்டி வேண்டுமென்று எழுதியிருந்தார். இவர் பழக்கதோஷத்தில் ஒன்றாக்கினார். மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

“மேடம், ரெண்டு வேணும்னுதான் ரெண்டு கேட்டேன்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க சார்.”

“நான் கூட்டி எழுதலை மேடம்.”

“ஏன் எழுதலை?” நிஜமான அதிர்ச்சியோடு கேட்டார்.

“எழுதணும்னு யாரும் சொல்லலையே மேடம்!”

அவர் போன பிறகும் அந்தப் பதில் போகவில்லை. பல்லிடுக்கில் மாட்டிய நார்போல உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை, அலுவலகத்துக்குப் போகிற வழியில் குற்றவியல் நீதிமன்றத்துக்குள் நுழைந்தார். அதன் செலவுகளை வருஷக்கணக்கில் அலசியவர்தான், ஆனால் அதன் வராந்தாவில் கால் வைத்ததில்லை. உட்கார இடமில்லை. பெஞ்சுகளைப் பாதியாக்கிய புண்ணியவதி அவரேதான் என்பதால் பேசாமல் சுவரோரம் நின்றார்.

பக்கத்தில் ஒரு பெண், தேய்த்த வெள்ளைச் சட்டை ஒன்றை ஹேங்கரோடு உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டம் இடித்தால் சட்டையை இன்னும் மேலே தூக்கினாள்.

“யாருக்கும்மா சட்டை?”

“தம்பிக்குக்கா. என் பொழப்பே துணி தேய்க்கிறதுதான். என் தம்பி ஜட்ஜ் முன்னாடி கசங்கின சட்டையில நின்னா எனக்கில்ல அசிங்கம்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் தேய்ச்சு எடுத்துட்டு வரேன். சட்டை வருது, அவன்தான் வரமாட்டேங்கிறான்.”

“ஏன்?”

“ஜெயில்ல ஓடுறது ஒரே ஒரு வண்டியாம். கொலைக் கேஸ்காரங்களுக்கே அது பத்தலையாம். சைக்கிள் திருடினவனை யாரு ஏத்துவா? பாவி, அன்னிக்கே வண்டியா பாத்துத் திருடியிருந்தா இன்னிக்கு அவனே ஓட்டிட்டு வந்திருப்பான்!” என்று சொல்லிவிட்டு அவளே உரக்கச் சிரித்தாள். பாதி மேடமும் சிரித்துவிட்டார்.

“எடுத்தது நான்தான்னு ஒத்துக்கறேங்கிறான்க்கா. ஒத்துக்கிட்டா, உள்ள இருந்த காலமே போதும், வீட்டுக்குப் போன்னு விட்டுருவாங்களாம். வக்கீல் சொல்றாரு. ஆனா ஒத்துக்கிறதுக்கும் ஆளு நேர்ல வந்து நிக்கணுமே!”

இதற்குப் பாதி மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே தம்பியின் பெயரைக் கூப்பிட்டார்கள். “அழைச்சுட்டு வரலைங்க” என்றது ஒரு காவலரின் குரல். கண் மூடித் திறப்பதற்குள் அடுத்த தேதி கொடுத்தாகிவிட்டது. அவள் சட்டையைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு, “வரேன்க்கா, கடையைத் திறக்கணும்” என்று நடையைக் கட்டினாள். தான் எதை வெட்டினாலும் எதிராளி ஏற்கெனவே கூட்டித்தானே எழுதியிருப்பான் என்று இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியவர், அன்று அந்தச் சுவரோரத்திலேயே வெகுநேரம் நின்றார்.

அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக வண்டிக் கோப்பில் இருந்த ஒன்றை அடித்து இரண்டாக்கினார். எழுத்தருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“மேடம், நீங்க விட்டாலும் செயலர் ஐயா விடமாட்டாரே. நாம வெட்டாம அனுப்பினா அவரு வெட்டுவாரு. பேசாம நாலுன்னு போடுங்க. அவரு பாதியாக்குவாரு, ரெண்டு வந்துரும். பாம்பும் சாகாது, கம்பும் உடையாது.”

யோசனை என்னவோ அருமையானதுதான். பாதி மேடம் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். பிறகு மூடி வைத்தார்.

“வேணாம்யா. இந்தக் கட்டடத்துக்கு வந்தவங்கள்ல ஒரே ஒரு மனுஷன் உள்ளதை உள்ளபடி கேட்டிருக்காரு. அவருக்கும் பொய் பழக்கிவிட்டா நாம உருப்படவே மாட்டோம். ரெண்டுன்னா ரெண்டுதான்.”

இறுதிக் கூட்டத்தன்று நீள மேஜையின் நடுவில் செயலர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இவர். கடைசி நாற்காலியின் நுனியில் கண்காணிப்பாளர். கோப்பில் வண்டிக் கணக்கு இருந்த பக்கம் வந்ததும் செயலரின் புருவம் ஏறியது.

“என்ன மேடம், உடம்புக்கு முடியலையா? ரெண்டு கேட்டிருக்காங்க, ரெண்டுன்னே விட்டுட்டீங்க!”

மேஜை முழுக்கச் சிரிப்பு. பாதி மேடமும் சேர்ந்துதான் சிரித்தார்.

“இதுல வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல சார். ரெண்டு வேணும், ரெண்டு கேட்டாரு.”

“அப்படி யாராவது கேப்பாங்களா?”

“இவரு கேட்டிருக்காரு சார். நானே கோர்ட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வந்தேன். வண்டி வந்திருந்தா அன்னிக்கே வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவன், இன்னும் உள்ள கிடக்கிறான்.”

“பாவம்தான். சரி, இப்போதைக்கு ஒண்ணு வச்சுக்கட்டும், அடுத்த வருஷம் பாக்கலாம்” என்று செயலர் சிவப்புப் பேனாவைத் திறந்து குனிந்தார்.

பாதி மேடம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். எட்டி, அந்த எண்ணின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். இறங்கிக்கொண்டிருந்த பேனா அவர் புறங்கையில் ஒரு சிவப்புக் கோடு இழுத்து நின்றது. கையை அவர் எடுக்கவில்லை.