ரொம்சோஸ் உடும்புக் கறி

போன சனிக்கிழமை இங்கே நோர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் ஒரு சாமத்தியவீடு, பிள்ளை பெரியவளான கொண்டாட்டம். பரமேஸ் அண்ணை என் எதிரே வந்து உட்கார்ந்தார். நிமிர்ந்து என்னைக் கண்டார். அவ்வளவுதான் — வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்!

ஆள் போனால் பரவாயில்லை, வடையும் போய்விட்டதே... பின்னாலேயே போனேன்.

“என்ன அண்ணை, கோவமோ?”

“நீர் கதையாதையும். நீரும் யோகனுமாச் சேர்ந்து அந்த உடும்பைத் தனியத் திண்டு முடிச்சிட்டியள். இஞ்சை ஒருத்தன் இடுப்புப் பிடிச்சுக் கிடக்கிறான்... ஒரு துண்டு தந்தனீங்களே?”

நான் தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்துக்கொண்டு திரும்பினேன். இரண்டு மேசை தள்ளி யோகன் இருந்தான். அவனிடமும் யாரோ அதையே விசாரித்துக்கொண்டிருந்தார்கள் — கறி எப்படி இருந்தது? “கொஞ்சம் முத்தல்” என்றான், சோற்றைப் பார்த்தபடி.

இந்தக் கறிக் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

யோகன் ரொம்சோஸில் தனியாக இருக்கிறான். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை. தங்கச்சிமாரை எல்லாம் கரைசேர்த்துவிட்டு நிமிர்ந்தபோது அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. மேல்மாடியில் இருந்த நோர்வேக்காரன் வீடு மாறும்போது, “கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்” என்று ஒரு கண்ணாடிப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். போனவன் போனவன்தான். பெட்டிக்குள் ஆபிரிக்க உடும்பு ஒன்று.

இந்த நாட்டில் ஒரு சில வகைப் பாம்பு, பல்லி தவிர, உடும்பு போன்ற எதையும் வீட்டில் வைத்திருக்கச் சட்டம் விடாது. பிடிபட்டால் உடும்பின் உயிர் போகும்.

“இவன் விசா இல்லாதவன் அண்ணை. ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ” என்றான் யோகன், பெட்டியைக் காட்டி.

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஒரே கிழமையில் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் பியோர்ண்டால் வரை செய்தி போய்விட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆட்கள் ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: “எப்ப வெட்டுறாய்?” உடும்பிறைச்சி முட்டு இழுப்புக்கு நல்லது, இடுப்புக்கு நல்லது... மிளகு தூக்கலாகப் போட வேண்டும் என்று தொலைபேசியில் கைப்பக்குவம் வேறு! நான் மட்டும் யோக்கியனா? முதன்முதலாக அந்த வாலின் பருமனைக் கண்டபோது எனக்கும் வாய் ஊறியது. அது உடும்புக்கும் விளங்கியிருக்க வேண்டும். நான் போகும்போதெல்லாம் சீறும்.

யோகனைக் கண்டால் கதை வேறு. வேலையால் வந்து அவன் சோபாவில் சாய்ந்தால் ஊர்ந்து வந்து ஸ்வெட்டருக்குள் புகுந்துகொள்ளும்.

“சூட்டுக்கு வாறான் அண்ணை. பாசம் கீசம் ஒண்டுமில்லை” என்பான்.

சொல்லும்போது ஆடாமல் அசையாமல் இருப்பான். அசைந்தால் அது எழும்பிப் போய்விடுமாம்!

போன மாசியில் ஒரு காலை யோகனின் தொலைபேசி. “அண்ணை, கார் நிக்குதோ? ஆள் சாப்பிடுதில்லை. வயிறு ஊதிப்போச்சு.”

போனேன். உடும்பு கண்ணைத் திறக்கவே இல்லை. என்னைப் பார்த்துச் சீறவும் இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

“டொக்டரிட்டைக் கொண்டுபோனா பிடிச்சுப்போடுவாங்கள். கொண்டுபோகாட்டி இஞ்சை கிடந்து துடிச்சுச் சாகும்... என்ன செய்ய அண்ணை?”

கேள்வி எனக்கில்லை. அவன் ஏற்கெனவே அதைக் குழந்தைப் போர்வை ஒன்றில் சுற்றியிருந்தான். பிள்ளை இல்லாத வீட்டில் குழந்தைப் போர்வை! பகிடி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மிருக வைத்தியர் ஒரு பெண். திட்டவில்லை. தடவிப் பார்த்தார், படம் எடுத்தார். வயிறு நிறைய முட்டைகள். சோடி இல்லாமலே உண்டாகுமாம். இட முடியாமல் உள்ளேயே சிக்கி, அழுகத் தொடங்கிவிட்டனவாம்.

“முட்டையோ? இவன் ஆம்பிளையெல்லோ!” என்றான் யோகன் என்னிடம் தமிழில். பிறகு சிரித்தான். “இவ்வளவு காலமும் ஒரு பொம்பிளைப் பிள்ளையை வாடா போடா எண்டு...” சிரித்துக்கொண்டிருந்தவன் அப்படியே அழத் தொடங்கினான்.

வைத்தியர் காத்திருந்துவிட்டுச் சொன்னார். வயிற்றைத் திறந்தால் தப்பலாம், தப்பாமலும் போகலாம். தப்பினாலும் உங்களோடு வீட்டுக்கு அனுப்ப எனக்கு அனுமதி இல்லை. அதிகாரிகளுக்கு அறிவித்தாக வேண்டும். அவர்கள் வந்து எடுத்தாலும் முடிவு உயிர் போக்கும் ஊசிதான்... தெரியாத ஆட்களின் கையில்.

வைத்திருக்கவும் முடியாது, அனுப்பி வைக்க ஊரும் கிடையாது. அந்த நிலைமை எப்படிப்பட்டது என்று எங்கள் இரண்டு பேருக்கும் யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

யோகன் ஒன்றுதான் கேட்டான் — ஊசி போடும்போது மடியில் வைத்துக்கொள்ளலாமா?

ஸ்வெட்டரைத் தூக்கி உள்ளே விட்டான். தலை மட்டும் வெளியே தெரிந்தது. “பயப்பிடாதேங்கோ பிள்ளை... இஞ்சைதான் நிக்கிறன்... படுங்கோ.”

படுத்துவிட்டது. உடலைத் தர முடியாது என்றார்கள். போர்வையைத் தந்தார்கள்.

திரும்பும் வழியில், உடும்புக்காகக் கூட்டி வைத்திருந்த கார் ஹீட்டரை அவனே நிறுத்தினான். ரொம்சோஸ் வந்ததும் கேட்டான்:

“அண்ணை, ஆரும் கேட்டா கறி வைச்சிட்டம் எண்டு சொல்லுங்கோ.”

“ஏன்டாப்பா?”

“ஒரு உடும்புக்கு அழுகிறான், விசரன் எண்டு சிரிப்பினம். கறி எண்டா கோவிப்பினம். கோவம் பரவாயில்லை.”

சாமத்தியவீடு முடிந்து அவனை வீட்டில் இறக்கும்போது, இதை எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதுங்கோ. உங்கட பத்தியை ஆர் அண்ணை வாசிக்கினம்!”

பரமேஸ் அண்ணை, தப்பித் தவறி நீங்கள் வாசித்துவிட்டால்... தயவுசெய்து கோபமாகவே இருங்கள்.