புதன்கிழமை அக்கா

கண்டியில் நான் வேலை பார்த்த புடவைக் கடையின் பின்படியில், பகல் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே உட்கார்ந்து அந்தத் தொலைபேசி இலக்கத்தை அழைத்தபோது எனக்கு இருபது வயது. எனக்குப் பெண்களைத்தான் பிடிக்கும் என்பது பதினான்கு வயதிலேயே எனக்குத் தெரியும். வீட்டிலோ, தை பிறந்ததும் மாமா மகனுக்கு என்னை நிச்சயம் செய்வதென்று முடிவாகியிருந்தது. என்னைப் போன்ற இளையவர்களுக்கு உதவும் இடங்களைப் போனில் தேடினேன். எல்லாம் சிங்களம், இல்லாவிட்டால் ஆங்கிலம். என் சிங்களம் சாரி விற்கப் போதும், மனசைத் திறக்கப் போதாது. ஒரேயோர் இடத்தில்தான் புதன்கிழமைகளில் தமிழ் என்று போட்டிருந்தது.

எடுத்தவர் ஓர் அக்கா. "வணக்கம்மா, எந்தத் தோட்டம்?" என்றார். மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இரண்டு பேர் சந்தித்தால் பேருக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. அடுத்தது எந்த லயத்து வீடு, அதற்கடுத்தது யார் மகள். மூன்றாவது பதிலோடு என் கதை எங்கள் ஊர் ஹுன்னஸ்கிரிய முழுக்கப் போய்விடும். பட்டென்று போனை வைத்துவிட்டேன். உதவி செய்ய உட்கார்ந்தவருக்கு ஊர் எதற்கு என்று அன்றெல்லாம் ஆத்திரம் அடங்கவில்லை.

வேறு வழியில்லாமல் அடுத்த புதனும் அழைத்தேன். பேச வாய் வரவில்லை. அக்காதான் பேசினார்.

"போன கெழம நான் தோட்டத்தக் கேட்கப்போயி ஒருத்தர் வச்சிட்டாங்க. அது நீங்களா இருந்தா, தப்பு என்னோடது. பழக்கதோஷம். ஒங்க பேரும் வேணாம், ஊரும் வேணாம். என்னோடதச் சொல்றேன். நான் வத்தேகம பக்கம். எங்கப்பா கோயில் கமிட்டித் தலைவர். நான் ஒரு பொண்ணோட வாழுறது அவருக்குத் தெரியாது. இப்ப என் குடுமி ஒங்க கையில."

சிரித்துவிட்டேன். சிரிப்போடு அழுகையும் வந்தது. அன்றைக்குச் சோறு பார்சலிலேயே காய்ந்தது.

தமிழ் பேசும் ஆலோசகர் ஒருவரிடம் அக்காவே கூட்டிப் போனார். மூன்று சந்திப்புகளுக்குப் பிறகு, நிச்சயம் வேண்டாம் என்பதையும் ஏன் என்பதையும் அம்மாவிடம் நானே சொன்னேன். அம்மா மாதக்கணக்கில் பேசவில்லை, பிறகு பேசினார். மாமா இன்னும் பேசுவதில்லை. அதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை.

இப்போது புதன்கிழமைகளில் அங்கே நானும் போன் எடுக்கிறேன். "இப்ப பேச வசதியா இருக்கா?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

போன மாதம் அக்கா அழைத்தார். அப்பாவிடம் சொல்லப் போகிறாராம். அத்தனை பேருக்குத் தைரியம் சொன்னவர், "கூட வர்றியா?" என்றார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் போனேன்.

அப்பா வீட்டு வாசலில் அக்கா நின்றுவிட்டார்.

"ஒங்க இஷ்டம்க்கா. உள்ள போனாலும் சரி, திரும்பிப் போனாலும் சரி, நான் கூட இருக்கேன்" என்றேன்.

அக்கா செருப்பைக் கழற்றினார்.