அண்ணன்மாரை மன்னிக்காதவள்

பிள்ளைகளா, அப்பா எழுதுகிறேன். எழுத்துக் கூட்டியாவது இதை வாசியுங்கள். உங்கள் அம்மா சொன்ன கதை ஒரு புத்தகத்தில் வந்திருக்கிறது. அதில் இருக்கும் முடிவை நம்பாதீர்கள்.

மாட்டுங்காவிலிருந்து நாட்டுக் கதை சேகரிக்கிறவர் ஒருவர் தாராவியில் நம் வீட்டுக்கு வந்தார். ஜெர்மனியில் எந்தக் காலத்திலோ வாழ்ந்த ஒருவர்தான் தனக்கு வழிகாட்டி என்றார். அந்த மனிதர் பெரிய சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தும், வேலைக்காரிகளையும் ஆடு மேய்ப்பவர்களையும் தேடிப் போய்க் கதை கேட்டாராம். அவர்கள் வாயில் வந்தபடியே எழுதினாராம். அவர் செத்து வெகுகாலம் கழித்துத்தான் அந்தக் காகிதக் கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார்களாம். எனக்கு அந்த ஜெர்மன்காரரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் உங்கள் அம்மாவைக் கதை சொல்லச் சொன்னேன்.

வந்தவர் செல்போனைத் தரையில் வைத்தார். உதட்டில் விரல் வைத்து என்னையும் அடக்கினார். அம்மா ஆரம்பித்தாள். அண்ணன்மார் தங்கச்சியை இரண்டு மூட்டை உப்புக்கு விற்றுவிடுகிறார்கள். அவள் ஓடிப்போய் ஒரு மரத்திடம் கெஞ்ச, மரம் பிளந்து அவளை உள்ளே ஒளித்துக்கொள்கிறது. கோடாலியோடு அண்ணன்மார் வருகிறார்கள். அதோடு அம்மா நிறுத்திவிட்டாள். அவர் கும்பிட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

"ஏன் பாதியிலே விட்டுட்ட?" என்றேன்.

"அவரு ஒரு 'உம்' கொட்டலியே. செவுத்துக்கா கதை சொல்லுவாவ?"

நம் ஊர்ப் பக்கத்து வழக்கம் அது. கேட்கிறவர் 'உம்' கொட்டினால்தான் சொல்கிறவர் மேலே சொல்வார்.

புத்தகம் வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் அண்ணன்மார் அழுகிறார்கள். தங்கச்சி அவர்களை மன்னித்து, கூடவே வீட்டுக்குப் போகிறாள்.

"எவ மன்னிச்சா?" என்றாள் அம்மா. "கோடாலிதான் முறிஞ்சுது. அவ வெளிய வந்து ரெண்டு மூட்டை உப்பையும் மழையில கொட்டிட்டுல்லா போனா. திரும்பிக்கூடப் பாக்கல."

அவருக்கு போன் போட்டேன்.

"ரெக்கார்டிங்ல என் குரல் விழக் கூடாதுன்னு பேசாம இருந்தேன்" என்றார். "முடிவு இல்லாம எப்படிப் போடறது? நல்லபடியாத்தானே முடிச்சிருக்கேன்."

"திரும்ப வந்து கேட்டிருக்கலாமே சார். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவுல கடலா கெடக்கு?"

"அடுத்த பதிப்புல பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

இந்த மனிதருக்கு அந்த ஜெர்மன்காரர் ஒரு கேடா? என் மேலும் எனக்குக் கோபம்தான். படித்தவர் விரலைக் காட்டினார் என்று, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த நானும் ஒரு 'உம்' கொட்டவில்லை.

மறுநாள் மத்தியானம், நான் வேலை பார்க்கும் பை தைக்கிற பட்டறையில் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, அந்தப் புத்தகத்தை எடுத்தேன். முடிவு இருந்த இரண்டு பக்கங்களிலும் தோல் ஒட்டுகிற பசையைத் தடவி, ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தினேன். காயும்வரை மேலே ஒரு கல்லை ஏற்றி வைத்தேன்.