பக்கத்தில் ஒட்டிய சீட்டு

"சார், எஸ்தர் அக்கா தவறிட்டாங்க. நாளைக்குக் காலைல சேந்தமங்கலத்துல அடக்கம். நீங்க வருவீங்கதானே?"

தொலைபேசியில் பொன்னி கேட்ட அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. நான் வராமல் இருந்துவிடுவேன் என்று அவர் நினைக்கக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அக்காவுக்கு அஞ்சலி எழுத என்னால் முடியாது.

கொல்லிமலையில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஒரு தாவரவியல் ஆய்வு மையம் உண்டு. உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் அதன் ஹெர்பேரியத்தை எஸ்தர் அக்காதான் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டார். பதவி, ஆய்வக உதவியாளர். அடிவாரத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் ஏறி வருவார். எந்தச் செடி எந்த அலமாரியில் என்று பேராசிரியர்களான நாங்கள் அவரிடம்தான் போய் நிற்போம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ஒரு செடியின் பெயர் தவறென்று தாளிலிருந்த சீட்டைப் பிய்த்து எறிந்துவிட்டேன். பெரிய அறிவாளி என்று நினைப்பு. அக்கா அதைக் குப்பைக் கூடையிலிருந்து பொறுக்கி, நீவி, மறுபடி ஒட்டினார்.

"ஏனுங்க சார், ஒட்டுன சீட்ட யாரும் பிரிக்கறதில்லீங்க. தப்புன்னா பக்கத்துல இன்னொண்ணு எழுதி, உங்க பேரும் தேதியும் போட்டு ஒட்டுங்க. தப்பும் தெரியோணும், திருத்துனவங்களும் தெரியோணும்" என்றார். என் முகம் சுருங்கியதைப் பார்த்து டீ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பொன்னி இதே மலையின் வளப்பூர் நாட்டுப் பெண், அப்போது எங்கள் ஆய்வு மாணவி. அட்டைக்கடி பட்டு, காடு காடாக அலைந்து காட்டு மிளகுக் கொடிகளைச் சேகரித்தார். ஒவ்வொரு தாளிலும் சேகரித்தவர் பெயராக அவர் பெயர், அவர் கையெழுத்திலேயே. அந்த ஆய்வை எங்கள் துறைத் தலைவர் தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். பொன்னி புகார் கொடுத்தார். செய்தித்தாளிலும் வந்துவிட்டது.

உடனே எங்களுக்கெல்லாம் ரோஷம் வந்தது. பொன்னிக்காக அல்ல, பல்கலைக்கழகத்தின் பெயருக்காக. "கொடிகளைச் சேகரித்தவர் துறைத் தலைவரே என்பதை நாங்கள் அறிவோம்" என்று ஒரு கடிதம் தயாரானது. வரிசையாகக் கையெழுத்துப் போட்டோம். மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பொய்யென்று தெரிந்தேதான் போட்டேன். என் பதவி உயர்வுக் கோப்பு அவர் மேசையில் இருந்தது.

அன்றே துறைத் தலைவர் ஹெர்பேரியத்துக்குப் போய்ச் சீட்டுகளை மாற்றச் சொன்னார். நானும் பின்னால் நின்றேன்.

"பிரிக்கறதில்லீங்க சார். நீங்க சேகரிச்சதுன்னு கைப்பட எழுதிக் குடுங்க. பக்கத்துல ஒட்டிப்போடறேன்" என்றார் அக்கா.

துறைத் தலைவர் எழுதித் தரவில்லை. எழுதினால் இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்குமே.

அதன் பிறகு எங்கள் சாப்பாட்டு மேசையில் அக்காவுக்கு இடமில்லாமல் போயிற்று. யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை, பேச்சைத்தான் நிறுத்தினோம். அவர் டிபன் பாக்ஸோடு அலமாரிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்தார். பொன்னியும் அங்கேதான் சாப்பிட்டார். அந்தக் கதவைத் தாண்டும்போது நான் செல்போனைப் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

விசாரணைக் குழு வந்தபோது அக்கா தாள்களை மேசையில் பரப்பி வைத்தார். அவ்வளவுதான். துறைத் தலைவர் நீக்கப்பட்டார். பொன்னிக்கு அவருடைய ஆய்வு திரும்பக் கிடைத்தது. பாராட்டுக் கூட்டத்தில் மேடையேறியவர்கள் எல்லோரும் ஆரம்பத்திலிருந்தே பொன்னியின் பக்கமாம். நானும் பேசினேன், வெட்கக்கேடு.

கூட்டம் முடிந்து அக்காவிடம் போனேன். அலுவலகக் கோப்புகளும் அப்போது அவர் பொறுப்பில்தான் இருந்தன.

"அக்கா, அந்தக் கடிதத்த ஃபைல்ல இருந்து எடுத்துரலாமா?"

அவர் கோபப்படவில்லை. "பயந்துட்டீங்க சார். பயம் யாருக்குத்தான் இல்லீங்க? ஆனா செடிக்கு ஒரு சட்டம், நமக்கு ஒண்ணுங்களா? அது இருக்கட்டும். பக்கத்துல ஒண்ணு எழுதி ஒட்டுங்க."

சரி என்றேன். எழுதவில்லை. அவர் ஓய்வு பெறும்வரை பஸ்ஸில் பார்க்கும்போதெல்லாம், "எழுதியாச்சுங்களா சார்?" என்பார். குத்திக்காட்டுகிற குரல் அல்ல, சாப்பிட்டாச்சா என்று கேட்பதுபோலத்தான் கேட்பார். "அடுத்த வாரம்க்கா" என்பேன்.

அடக்கத்துக்குப் போனேன். பொன்னி என்னைப் பார்த்துத் தலையசைத்து, நகர்ந்து இடம் விட்டார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை நிற்கவில்லை. அடுத்த வாரம் என்று சொல்ல இனி எனக்கு ஆள் இல்லை.

இன்று காலை மையத்துக்கு வந்ததும் அந்தக் கோப்பை எடுத்தேன். கடிதத்தின் பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன். "இதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. பொய்யென்று தெரிந்தே இட்டேன். மிளகுக் கொடிகளைச் சேகரித்தவர் பொன்னி." கீழே என் பெயர், இன்றைய தேதி.

இப்போது எங்களோடு ஆசிரியராக இருக்கும் பொன்னியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நின்றபடியே படித்தார். சீட்டில் தூக்கிக்கொண்டிருந்த ஒரு முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, பசை பிடிக்கும்வரை அப்படியே வைத்திருந்தார்.

எழுதியாச்சுங்க அக்கா. போய் வாருங்கள்.