மைனஸ் பன்னிரண்டு

சிந்துஜாவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பது செம்மங்குப்பத்து ரசாயன ஆலை முழுக்கத் தெரிந்த சேதி. சிதம்பரத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்தவள், செம்மண்டலத்திலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிறவள். ஆலையின் பாதுகாப்பு அதிகாரி. அவள் கையெழுத்துப் போட்ட பெர்மிட் இல்லாமல் யாரும் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்க முடியாது.

சேர்ந்த புதிதில், "பொம்பளப் புள்ள டேங்க் மேலல்லாம் ஏறுமா?" என்று கேட்டார்கள். ஏறினாள். மூன்று வருடமாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் கொடுத்த பெர்மிட்டில் ஒரு தப்பாவது கண்டுபிடித்துவிட வேண்டுமென்று ஷிப்ட் இன்சார்ஜ் ஸ்ரீதர் தலைகீழாய் நின்று பார்த்தார். நடக்கவில்லை.

அன்று காலை ஒரு தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. உள்ளே இறங்குபவர் கொளஞ்சியப்பன், அதிர்ந்து பேசாத ஒப்பந்தத் தொழிலாளி. சிந்துஜா தொட்டியடியில் நின்று வாயு மீட்டரை ஆன் செய்தாள். மேலே ஏறி, மீட்டரின் குழாயை உள்ளே விட்டு, விஷவாயு இருக்கிறதா என்று அடிவரை அளந்தாள். பூஜ்யம். பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டில் வந்து நின்ற லாரியைச் சோதிக்கப் போனாள்.

கேட்டருகே மீட்டரைப் பார்த்தவளுக்குத் திக்கென்றது. மைனஸ் பன்னிரண்டு.

அந்த மீட்டர், ஆன் செய்த இடத்துக் காற்றையே சுத்தமான காற்றாக எடுத்துக்கொண்டு எண்ணத் தொடங்கும். நல்ல காற்றில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறதென்றால், ஆன் செய்த இடமே கெட்டிருந்தது என்று அர்த்தம். தொட்டியடி வால்வு கசிந்திருக்கிறது. கேட்டில் ஆன் செய்ய வேண்டியதை, நேரமாகிறதே என்று அங்கே ஆன் செய்தது சாட்சாத் அவள்தான்.

பம்ப் கோளாறு, அது இதுவென்று சொல்லி வேலையை நிறுத்திவிடலாம். பேர் கெடாது. ஆனால் நாளைக்கு இன்னொருவர் இதையே செய்வார். சிந்துஜா ஓடினாள்.

"கொளஞ்சியண்ணே, எறங்காதீங்க!"

அவருடைய ஒரு கால் ஏற்கெனவே தொட்டிக்குள் இருந்தது. "என்ன மேடம், நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன். தப்பாப் போட்டுட்டேன். மீட்டர இங்கயே ஆன் பண்ணிட்டேன். என் தப்புதான்."

ஸ்ரீதர் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் பல்பு எரிந்தது. "பாத்தீங்களாய்யா, நம்ம பெரிய இன்ஜினியர!"

"நல்லாப் பாருங்க சார்" என்று பெர்மிட்டைக் கிழித்தாள். கேட்டுக்குப் போய் மீட்டரை அணைத்து மறுபடி ஆன் செய்து வந்து, குழாயைத் தொட்டிக்குள் விட்டாள். மீட்டர் வீல் வீலென்று அலறியது. ஸ்ரீதர் உட்பட ஒருவரும் சிரிக்கவில்லை. கொளஞ்சியப்பன் காலை வெளியே எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அறிக்கையில் தன் பெயரையே எழுதினாள். மறுநாள் கேட்டுத் தூணில் தானே சிவப்புப் பெயிண்டில் எழுதினாள்: 'மீட்டரை இங்கே மட்டும் ஆன் செய்யவும்.'

ஒரு வாரத்தில் வால்வை மாற்றி, தொட்டியைக் காற்றாட விட்டார்கள். சிந்துஜா அளந்து, கையெழுத்துப் போட்டு, பெர்மிட்டை நீட்டினாள். கொளஞ்சியப்பன் வாங்கவில்லை.

"மீட்டர கேட்டுலதான ஆன் பண்ணீங்க மேடம்?"

"யோவ், மேடத்தையே கேக்குறியா?" என்று பாய்ந்தார் ஸ்ரீதர்.

சிந்துஜாவுக்கு அந்தக் கேள்வி அப்படியொரு சந்தோஷத்தைக் கொடுத்தது.

"கேக்கட்டும் சார். அவுருதான உள்ள எறங்குறாரு" என்றவள், "கேட்டுலதாண்ணே. நீங்களே பாத்துக்குங்க" என்று மீட்டரை அவர் கையில் கொடுத்தாள். கொளஞ்சியப்பன் எண்ணைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு இறங்கினார்.